போலோ டிஎஸ்ஐ-யில் 150 பிஎஸ்: இன்ஜினைப் பிரிக்காமல் எதுவரை போகலாம்?

கேள்வி: என்னிடம் 2021 மாடல் போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல் இருக்கிறது. 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோவையில் தினசரி ஓட்டம், மாதம் இரண்டு முறை ஊட்டி. ஒரு கேரேஜில் ‘ஸ்டேஜ் 2’ என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதுவது), கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் மாசைக் குறைக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), திறந்த கோன் ஃபில்டர், ப்ளோ ஆஃப் வால்வ் (டர்போவின் மிகையான காற்றை வெளியே விடும் வால்வ்). ஆறு மாதம் கழித்துப் பெரிய டர்போவும் மாட்டலாமாம். 150 பிஎஸ் சக்தியும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) வரும் என்கிறார்கள். இன்ஜினைத் திறக்க எனக்கு விருப்பமில்லை. பிஸ்டனும் அதைத் தாங்கும் ராடும் கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதை முதலில் செய்யலாம்?

பதில்: அந்தப் பட்டியலில் காசுக்கு மதிப்புள்ளது ரீமேப் மட்டும்தான். அதிலும் 250 நியூட்டன் மீட்டர் வேண்டாம். உள்ளே கை வைக்காத டர்போ இன்ஜின் பெரும்பாலும் படுப்பது, தாழ்ந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) திணிக்கப்படும் டார்க்கால். ஆகவே கேரேஜில் ‘எத்தனை பிஎஸ்’ என்று கேட்பதைவிட ‘எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க்’ என்று கேளுங்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். உங்கள் இன்ஜின் 1,750 முதல் 4,000 வரை 175 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதற்கு மேல் கம்பெனியே டார்க்கைக் குறைத்துக்கொண்டு போகிறது. 5,500-ல் 110 பிஎஸ் என்றால் அங்கே மிஞ்சியிருப்பது 140 நியூட்டன் மீட்டர். அந்த இடத்தில் 165-ஐப் பிடித்து வைத்தால் 129 பிஎஸ். உச்ச டார்க்கை ஒரு புள்ளிகூட ஏற்றாமலே 19 பிஎஸ் வந்துவிட்டது! கேரேஜ் சொல்லும் 150 பிஎஸ் 5,500-ல் வர வேண்டுமானால் அங்கே 191 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். இந்தச் சின்ன டர்போ அதற்கு மூச்சு வாங்கும். அதனால்தான் பெரிய டர்போ பேச்சு கூடவே வருகிறது.

250 என்ற எண் இன்ஜினுக்குள் என்ன செய்யும் என்று பாருங்கள். 999 சிசி இன்ஜின் 175 நியூட்டன் மீட்டர் தரும்போது சிலிண்டரில் பயனாகும் சராசரி அழுத்தம் 22 பார். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு இதுவே கனமான சுமைதான். 200-க்குப் போனால் 25 பார், 250-க்குப் போனால் 31 பார். இது சராசரி. தீப்பற்றிய கணத்தில் பிஸ்டன் தலையில் விழும் உச்ச அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு.

அதே 200 நியூட்டன் மீட்டரைக்கூட 1,800 ஆர்பிஎம்மில் சுமப்பதும் 4,500-ல் சுமப்பதும் ராடுக்கு ஒன்றல்ல. வேகமாகச் சுழலும்போது, மேலே வந்து திரும்பும் பிஸ்டனின் எடை ராடை மேல்நோக்கி இழுக்கும். கீழ்நோக்கி அழுத்தும் எரிந்த வாயுவின் விசையில் ஒரு பங்கை அந்த இழுப்பு கழித்துவிடும். மெதுவாகச் சுழலும்போது அந்தக் கழிவு கிடையாது, முழுச் சுமையும் ராடின் தலையில். போதாக்குறைக்கு, எரியாமல் மூலையில் காத்திருக்கும் கலவைக்குத் தானாக வெடிக்க நேரமும் அதிகம். நாக்கிங் பிறப்பது அங்கேதான். அதைவிட மோசமானது எல்எஸ்பிஐ. தாழ்ந்த வேகத்தில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே, ஆயில் துளியோ கரித்துகளோ பற்றவைத்துவிடும் வெடிப்பு அது. நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ இன்ஜின்களுக்கே உரிய வியாதி. நாக்கிங்கை ஈசியூ (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) சென்சாரில் கேட்டு அடுத்த சுற்றில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும். எல்எஸ்பிஐ-யில் ஸ்பார்க்குக்கு வேலையே இல்லை, அதனால் ஈசியூ கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பலமான ஒரே அடியில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகலாம்.

ரிங் விளிம்பு உடைந்தால் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் திறன்) விழும், நீலப்புகை வரும், ஆயில் குறையும். ராடு வளைந்தால் அறிகுறி தந்திரமானது: வண்டி ஓடும், புகை இருக்காது, அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் ஒரு நூல் கீழேயே நின்றுவிடுவதால் கம்ப்ரஷன் சற்றே குறைந்திருக்கும். அப்படியே பல நாள் ஓடி, ஒருநாள் ப்ளாக்கைத் துளைத்துக்கொண்டு வரும்.

இன்ஜினுக்கு முன்னால் கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மேனுவல் கியர்பாக்ஸின் பெயர் எம்க்யூ200. அந்த 200 என்பது அது தாங்க வேண்டிய டார்க்கின் அளவு, நியூட்டன் மீட்டரில். ஆட்டோமேட்டிக்கில் வரும் ஏக்யூ250-க்கு 250. கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாதம் இரண்டு முறை மலை ஏறும் வண்டியில் அந்த இடத்தைத் தின்றுவிடக் கூடாது. அதற்கும் முன்னால் க்ளட்ச். ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஒரு ஏற்றத்தில் முழுதாக மிதியுங்கள். ஸ்பீடோமீட்டர் முள் நகராமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால், ரீமேப் செய்த முதல் மாதத்திலேயே க்ளட்ச் செலவு வரும். அந்தத் தொகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

ஆகவே கேரேஜில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டியது இது. 2,200 ஆர்பிஎம் வரை 185 நியூட்டன் மீட்டரைத் தாண்டக் கூடாது. 2,500 முதல் 4,500 வரை 200. அங்கிருந்து மெல்ல இறங்கி 5,500-ல் 165. இன்ஜின் சுழலக்கூடிய உச்ச வரம்பான ரெட்லைனை மாற்றக் கூடாது. இதில் கிட்டத்தட்ட 130 பிஎஸ் கிடைக்கும். ஓட்டும்போது 250-இன் அந்த முதல் உதைப்பு இருக்காது. பதிலுக்கு, இப்போது 4,000-க்கு மேல் சோர்ந்துபோகிற இன்ஜின் கடைசி வரை இழுக்கும். முந்திச் செல்ல உதவுவது அந்த இழுப்புதான். ‘எங்களிடம் ரெடிமேட் ஃபைல் ஒன்றுதான் இருக்கிறது, எல்லாருக்கும் அதுதான்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். டார்க் வரம்பை ஆர்பிஎம் வாரியாக மாற்றத் தெரியாதவரிடம் ஈசியூவைக் கொடுக்க வேண்டாம். ஓபிடி சாக்கெட்டிலோ (பழுது பார்க்கும் கருவியை இணைக்கும் இடம்), டர்போ தரும் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரிலோ செருகும் பெட்டியும் வேண்டாம். அது சென்சார் சொல்வதைத் திரித்துச் சொல்லி ஈசியூவை ஏமாற்றுகிறது. உண்மையான அழுத்தம் தெரியாத ஈசியூ, வெப்பத்தையும் எரிபொருளையும் தப்பாகவே கணக்குப் போடும்.

ஊட்டி என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. கோவை ஏறத்தாழ 410 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சுமார் 0.96 பார். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 0.77 பார்தான். இன்ஜினுக்குள் 2 பார் வேண்டுமென்று மேப் (ஈசியூவில் எழுதிய மென்பொருள்) கேட்டால், கோவையில் டர்போ காற்றை 2.1 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 2.6 மடங்கு. அந்த வித்தியாசத்தை டர்போ தன் சுழற்சி வேகத்தை ஏற்றித்தான் ஈடுகட்டும். அளவுக்கு மீறினால் பேரிங் போகும், பிளேடு போகும். கம்பெனி மென்பொருளில் உயரத்துக்கேற்ப பூஸ்டைக் குறைக்கும் வரம்பு இருக்கிறது. சில டியூனர்கள் தங்கள் எண் எங்கும் மாறாமல் வர வேண்டும் என்று அதையும் திறந்துவிடுவார்கள். உங்கள் வண்டியில் அந்த வரம்பு கம்பெனி வைத்தபடியே இருக்க வேண்டும் என்பதையும் சீட்டில் சேருங்கள். வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும்போது கூடுதல் பெட்ரோல் தெளித்துக் குளிரவைக்கும் பாதுகாப்பும் அப்படியே. ‘அதை எடுத்தால் மைலேஜ் கூடும்’ என்பார்கள், தலையாட்டிவிடாதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தில், நீங்கள் அடிக்கடி போடும் பெட்ரோலுக்கு மேப் எழுதுவதைவிட, வழியில் மாட்டிக்கொண்டு போட நேரும் மட்டமான பெட்ரோலுக்கு எழுதுவதுதான் புத்தி. எக்ஸ்பி95 போன்ற 95 ஆக்டேன் பெட்ரோல் கோவையில் கிடைக்கும். மலையில் எந்தப் பம்பில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 95-க்கு எழுதிய மேப்பில் சாதாரணப் பெட்ரோல் விழுந்தால், அந்தத் தொட்டி தீரும்வரை 3,000-க்குக் கீழே முழுதாக மிதிக்காதீர்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 நாக்கிங்கைத் தாங்குவதில் நல்லதுதான். ஆனால் லிட்டருக்கு ஆற்றல் குறைவு, கலப்பில்லாத பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதலாகத் தெளித்தால்தான் அதே சக்தி வரும். அந்தக் கூடுதலை ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டரும் தர முடிகிறதா என்பது, ஓட்டும்போது சென்சார் எண்களைப் பதியும் லாக்கில்தான் தெரியும். டியூனர் எந்தப் பெட்ரோலை ஊற்றி மேப் எழுதினார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேப் ஏற்றும் முன் வண்டி அதற்குத் தகுதியா என்று பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரீமேப் பேச்சை அங்கேயே விடுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்டேக் வால்வை பெட்ரோல் கழுவுவதில்லை, 52,000-ல் கரி படிந்திருக்கும். கேமரா விட்டுப் பார்த்து, தடித்திருந்தால் வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்யும் இடத்தில் கொடுங்கள். எரிபொருள் தொட்டியில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடாது, அதில் காசைக் கரைக்க வேண்டாம். இந்த இன்ஜின் குடும்பத்தில் கூலன்ட் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் வீடு கசிவது தெரிந்த சங்கதி. கியர்பாக்ஸ் பக்கம் உலர்ந்த கூலன்ட் கறை தெரிகிறதா பாருங்கள்.

உங்கள் இன்ஜினில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திச் சூடான காற்றைக் குளிரவைப்பது) இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே, தண்ணீரால் குளிர்வது. அதனால் பம்பருக்குப் பின்னால் பெரிய இன்டர்கூலர் மாட்டும் யோசனை இங்கே நேராகப் பொருந்தாது. அந்தத் தண்ணீரைச் சுற்றவிடும் மின்பம்பு ஓடுகிறதா, முன்னால் உள்ள ரேடியேட்டர் தூசியும் பூச்சியும் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, ஆனாலும் பலர் இதை விட்டுவிட்டு ஃபில்டர் வாங்கப் போகிறார்கள்.

ஸ்பார்க் ப்ளக் மூன்றும் புதிது போடுங்கள், கம்பெனி ரகமே போதும். பூஸ்ட் ஏறினால் தீப்பொறி தாண்டுவது கஷ்டமாகும் என்பதால் இடைவெளி 0.6 முதல் 0.65 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்து அளந்து போடச் சொல்லுங்கள், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே முறுக்கக் கூடாது. பிறகு 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயிலில் கையேட்டில் உள்ள ஃபோக்ஸ்வாகன் தர எண் முதலில். அதோடு ஏபிஐ எஸ்பி என்ற குறியும் இருக்கட்டும், எல்எஸ்பிஐ-யை அடக்கும் சோதனை அந்தத் தரத்தில் உண்டு. 15,000 ஓடிய பிறகு மாற்றும் வழக்கம் இனி 7,500.

மேப் ஏற்றுகிற அன்றைக்கு, அதே டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் கருவி), அதே பெட்ரோலில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘முன்’ இல்லாத ‘பின்’ எண்ணுக்கு மதிப்பில்லை. டைனோ தாளைவிட லாக் முக்கியம். மூன்றாவது கியரில் 1,800-லிருந்து 6,000 வரை முழு மிதி, டைனோவிலோ செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய தடத்திலோ. சாலையில் வேண்டாம், மூன்றாவதிலேயே வேகம் நூறைத் தாண்டிவிடும். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் எவ்வளவு தாமதமாகிறது என்று பாருங்கள். அங்கங்கே 2, 3 டிகிரி வந்து போனால் பரவாயில்லை. ஒரே சிலிண்டரில் 5, 6 என்று நின்றால் மேப் பேராசைப்பட்டிருக்கிறது, பூஸ்டைக் குறைக்க வேண்டும். கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும், கேட்ட ரெயில் பிரஷரும் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) கிடைத்ததும் கைகோத்துப் போக வேண்டும். ரெயில் பிரஷர் மேலே போகப் போக 10 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் பம்பின் எல்லை வந்துவிட்டது. மூன்று ஓட்டம் அடுத்தடுத்து எடுங்கள். முதல் ஓட்டத்தில் எல்லா வண்டியும் நல்ல பிள்ளை, மூன்றாவதில் உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறும்போதுதான் குணம் தெரியும்.

இனி பட்டியலில் மிச்சம். ப்ளோ ஆஃப் வால்வ் சத்தத்துக்கு மட்டும், சக்தி பூஜ்யம். கோன் ஃபில்டர் இன்ஜின் அறையின் சூடான காற்றையே உறிஞ்சும், நம் ஊர்த் தூசியை வடிகட்டுவதில் காகித ஃபில்டருக்கு இணையாகாது. உள்ளே போகும் நுண்மணல் டர்போ பிளேடின் விளிம்பைத் தேய்த்துவிடும். கம்பெனிப் பெட்டியில் புதுக் காகித ஃபில்டர் போடுங்கள். பெரிய டர்போ அறவே வேண்டாம். அதை மாட்டியவர் 150-ஓடு நிற்பதில்லை. அதன் பிறகு ராடு, பிஸ்டன், பம்பு, க்ளட்ச் என்று நீங்கள் திறக்க விரும்பாத இன்ஜினைத் திறக்க வேண்டிவரும்.

டவுன்பைப்பைப் பொறுத்தவரை, டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைந்தால் பூஸ்ட் சீக்கிரம் வரும், புகையின் வெப்பம் குறையும், அது உண்மை. ஆனால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் அது பிஎஸ்6 மாசு வரம்புக்குள் வரும் வண்டி அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மாசு, ஒலி வரம்பை மீறினால் 190(2)-இன் கீழ் 10,000 வரை தனி. சென்சாருக்கு ஸ்பேசர் வைத்து எச்சரிக்கை விளக்கை அணைப்பது ஈசியூவுக்குத்தான் பதில், போக்குவரத்து அலுவலருக்கு அல்ல. நான் சொன்ன 130 பிஎஸ்ஸுக்கு அது தேவையும் இல்லை.

பணத்தைப் பிரிக்கும் விதம்: ரீமேப்புக்கு 30,000 முதல் 45,000 வரை ஆகலாம். அதைக் கடைசியில் கொடுங்கள். முதலில் ப்ளக், ஆயில், வால்வ் சுத்தம், கூலன்ட் வேலை. அடுத்து டயரும் பிரேக்கும். பின்னால் ட்ரம்தான் இருக்கிறது, இறக்கத்தில் முன் டிஸ்க்தான் எல்லாம் செய்கிறது. டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் உடனே மாற்றுங்கள், ஈரம் குடித்த ஆயில் குன்னூர் இறக்கத்தில் கொதித்துப் பெடல் பள்ளத்தில் போகும். முன் பேட் நல்ல ரகம், 195/55 ஆர்16 அளவிலேயே ஈரத்தில் பிடிக்கும் டயர் நான்கு. இன்னும் காசு மிஞ்சினால் இன்ஜினுக்குக் கீழே உள்ள டார்க் மவுன்ட்டுக்கு ஒரு பாலியூரிதேன் செருகல் போடலாம். முதல் கியரில் சக்கரம் துள்ளுவது குறையும், மூன்று சிலிண்டர் நடுக்கம் சீட்டில் கொஞ்சம் கூடும், முடிவு உங்களுடையது. மீதியைத் தொடாதீர்கள், க்ளட்ச் ஒருநாள் கேட்கும்.

ஏற்றும் முன் ஒரிஜினல் ஃபைலை வாசித்து ஒரு பிரதியை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். டீலரின் கருவி மாற்றிய மென்பொருளைக் கண்டுபிடித்தால் டிடி1 என்று குறித்துவிடும், அதன் பிறகு வாரன்டி நீட்டிப்பு இருந்தாலும் இன்ஜினுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. ஒரிஜினலைத் திரும்ப ஏற்றினாலும் தடயம் மிஞ்சக்கூடும் என்பதால், நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்து நேரத்தில் க்ளெய்மைத் தள்ள அதுவே காரணமாகும்.

ஓட்டும் பழக்கம் ஒன்று மட்டும் மாற வேண்டும். கல்லட்டி போன்ற ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் 1,500 ஆர்பிஎம்மில் பெடலைத் தரைவரை அழுத்துவது இனி கூடாது. கியரைக் குறைத்து 2,500-க்கு மேல் கொண்டுவந்து மிதியுங்கள். முதல் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் மிளகு தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துளிகளோ தெரிந்தால் உள்ளே நாக்கிங் நடக்கிறது. வண்டியை அன்றைக்கே ஒரிஜினல் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, லாக்கோடு டியூனரிடம் போங்கள்.